டிகிரியில் மார்க் கம்மியா? எந்த வேலைக்கு அது தடை, எங்கே யாரும் கேட்க மாட்டாங்க? முழு விளக்கம்

டிகிரி முடிச்சாச்சு. ஆனா சிஜிபிஏ 6-ஐ தாண்டல. செமஸ்டருக்கு ஒண்ணுன்னு விழுந்த அரியரை எல்லாம் கடைசி வருஷத்துல தான் கிளியர் பண்ண முடிஞ்சது. இனி வேலை கிடைக்குமா, கவர்மென்ட் எக்ஸாம் எழுத முடியுமா, மேல படிக்க சீட் கிடைக்குமா? ஒவ்வொரு வருடமும் இறுதி செமஸ்டர் ரிசல்ட் வெளியானதும் பல வீடுகளில் எழும் கேள்வி இது.

இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். சொந்தக்காரர் ஒருவர், "இந்த மார்க்கை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?" என்பார். நண்பர் ஒருவர், "மார்க்கெல்லாம் யாரு மச்சி பார்க்கிறா?" என்பார். இரண்டுமே பாதி உண்மைதான். சில இடங்களில் மதிப்பெண்ணை யாரும் திரும்பிக்கூட பார்ப்பதில்லை. சில இடங்களில் 59.9 சதவீதம் இருந்தாலும் விண்ணப்பமே ஏற்கப்படாது. எது எந்த இடம் என்று தெரியாமல் இரண்டு வருடத்தை வீணாக்குவதுதான் உண்மையான ஆபத்து. அதை இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: இது 'கட்-ஆஃப்' விவகாரம்

பிளஸ் 2 முடித்த பிறகு ஒவ்வொரு மார்க்கும் முக்கியம். அரை மார்க்கில் கல்லூரி மாறும், பாடப்பிரிவு மாறும். டிகிரிக்குப் பிறகு நிலைமை வேறு. பெரும்பாலான இடங்களில் 50, 55, 60, 65 என ஒரு குறைந்தபட்ச வரம்பு இருக்கும். அதைத் தாண்டிவிட்டால் 62 வாங்கியவரும் 85 வாங்கியவரும் ஒரே ஹாலில் உட்கார்ந்து ஒரே தேர்வை எழுதுவார்கள்.

அதனால் "என் மார்க் நல்ல மார்க்கா?" என்ற கேள்வியை விட, "என் மார்க் எந்த வரம்புக்கு மேலே இருக்கு, எதுக்குக் கீழே இருக்கு?" என்ற கேள்விதான் பயன் தரும்.

நிறுவனங்கள் ஏன் இப்படி வரம்பு வைக்கின்றன? தமிழ்நாட்டில் டிகிரி படிப்பவர்கள் அதிகம். 2021-22 அகில இந்திய உயர்கல்வி கணக்கெடுப்பின்படி, இங்கே உயர்கல்வி சேர்க்கை விகிதம் 47 சதவீதம். தேசிய சராசரி 28.4 சதவீதம்தான். ஒரு வேலைக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் குவியும்போது, கூட்டத்தைக் குறைக்க எளிதான வழி மார்க். 60-க்குக் கீழே இருப்பவருக்குத் திறமை இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை; அத்தனை பேரையும் நேரில் பார்க்க நேரமில்லை என்பதுதான் அர்த்தம்.

மார்க்கே கேட்காத அரசுத் தேர்வுகள் எவை?

பலரும் தெரியாமல் விட்டுவிடும் விஷயம் இது. நாட்டின் மிகப் பெரிய தேர்வுகள் பலவற்றுக்கு டிகிரி பாஸ் ஆகியிருந்தாலே போதும்.

- யுபிஎஸ்சி சிவில் சர்வீஸ்: ஐஏஎஸ், ஐபிஎஸ் பணிகளுக்கான இந்தத் தேர்வுக்கு அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் பட்டம் வேண்டும். குறைந்தபட்ச சதவீதம் கிடையாது. இறுதியாண்டு மாணவர்களும் முதல்நிலைத் தேர்வு எழுதலாம்.
- டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2: பெரும்பாலான பதவிகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். சில பதவிகளுக்கு மட்டும் குறிப்பிட்ட பாடம் கேட்பார்கள்.
- டிஎன்பிஎஸ்சி குரூப் 4: அடிப்படைத் தகுதியே பத்தாம் வகுப்புதான்.
- வங்கி பிஓ தேர்வுகள்: எஸ்பிஐ, ஐபிபிஎஸ் இரண்டுக்கும் பட்டம் போதும். விண்ணப்பத்தில் சதவீதத்தைக் குறிப்பிட வேண்டும். ஆனால் அதற்கு வரம்பு இல்லை.
- சிடிஎஸ்: ராணுவ அகாடமிக்கு ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

இந்தத் தேர்வுகளில் கல்லூரி மார்க் தகுதிப் பட்டியலில் சேராது. எழுத்துத் தேர்விலும், நேர்முகத் தேர்வு உள்ள இடத்தில் அதிலும் எடுக்கும் மதிப்பெண்தான் கணக்கு. அதாவது மூன்று, நான்கு வருடக் கல்லூரிக் கணக்கு அங்கே பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது.

தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராகும் 1,000 பேருக்கு மாதம் ரூ.7,500 உதவித்தொகை தரப்படுகிறது. அந்த 1,000 பேரும் ஒரு தனித் தேர்வு மூலமே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள்.

எங்கே மார்க் கட்டாயம்?

இனி வருவது மறுபக்கம். கீழே உள்ளவற்றுக்கு மாதக்கணக்கில் தயாராவதற்கு முன், உங்கள் கன்சாலிடேட்டட் மார்க்‌ஷீட்டை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

- ரிசர்வ் வங்கி கிரேடு பி: டிகிரியில் 60 சதவீதம் தேவை. எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 50 சதவீதம். ஓபிசி பிரிவினருக்கு இந்த மதிப்பெண் தளர்வு இல்லை.
- ரிசர்வ் வங்கி அசிஸ்டென்ட்: 50 சதவீதம். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு பாஸ் ஆகியிருந்தால் போதும்.
- இஸ்ரோ விஞ்ஞானி, பொறியாளர் பணி: பி.இ., பி.டெக்கில் முதல் வகுப்புடன் 65 சதவீதம் அல்லது 6.84 சிஜிபிஏ.
- விமானப்படையின் அஃப்கேட் தேர்வு: டிகிரியில் 60 சதவீதம்.
- கேட் மூலம் ஆள் எடுக்கும் பொதுத்துறை நிறுவனங்கள்: கேட் தேர்வு எழுதவே மார்க் வரம்பு இல்லை. ஆனால் பல நிறுவனங்கள் வேலைக்கு எடுக்கும்போது 60 அல்லது 65 சதவீதம் கேட்கின்றன. கேட்டில் நல்ல ரேங்க் எடுத்தும் இங்கே வந்து நின்றுவிடுபவர்கள் உண்டு.

இன்னொரு முக்கியமான விஷயம். 59.99 சதவீதம் இருந்தால் 60 என்று ரவுண்ட் பண்ணிக்கொள்வார்கள் என நினைக்க வேண்டாம். வங்கித் தேர்வு அறிவிக்கைகளில் 59.99 என்பது 60-க்குக் குறைவாகவே கருதப்படும் என்று வெளிப்படையாகவே எழுதியிருப்பார்கள்.

தேர்வே இல்லாமல் மார்க்கை மட்டும் பார்க்கும் இடங்கள்

எழுத்துத் தேர்வு இல்லை என்றதும் சிலர் ஈஸி என நினைப்பார்கள். மார்க் குறைந்தவர்களுக்கு உண்மையில் அங்கேதான் கஷ்டம். தேர்வு இருந்தால் படித்து முந்தலாம். மார்க்கை வைத்து மட்டும் பட்டியல் போட்டால் முந்த வழியே இல்லை.

தபால் துறையின் ஜிடிஎஸ் பணி பத்தாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் நிரப்பப்படுகிறது. பொதுத்துறை நிறுவனங்களும் போக்குவரத்துக் கழகங்களும் பட்டதாரி அப்ரெண்டிஸ்களை எடுக்கும்போது, பெரும்பாலும் டிகிரி சதவீதத்தை வைத்துத்தான் ஷார்ட்லிஸ்ட் போடுகின்றன. விண்ணப்பிப்பதில் தவறில்லை. அதை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது.

தனியார் வேலைக்கு எவ்வளவு முக்கியம்?

இங்கே பதில் உங்கள் அனுபவத்தைப் பொறுத்து மாறும். மூன்று கட்டமாகப் பிரிக்கலாம்.

கேம்பஸ் இன்டர்வியூ: மார்க்குக்கு மவுசு அதிகம் உள்ள நேரம் இதுதான். பெரிய ஐடி சேவை நிறுவனங்கள் பலவும் 10, பிளஸ் 2, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் கேட்பது வழக்கம். ஸ்டாண்டிங் அரியர் இருக்கக் கூடாது என்பார்கள், அல்லது ஒன்று வரை அனுமதிப்பார்கள். ஆன்லைன் ஃபார்மில் வரம்புக்குக் குறைவான எண்ணை டைப் செய்தால் விண்ணப்பம் அதற்கு மேல் நகராது.

படிப்பு முடிந்து முதல் இரண்டு வருடம்: ஆஃப்-கேம்பஸ் வாய்ப்புகளில் பெரிய நிறுவனங்கள் இதே வரம்பைத்தான் வைக்கும். ஆனால் சிறிய, நடுத்தர நிறுவனங்கள் அப்படி இல்லை. சென்னை, கோவை, ஓசூர் பக்கம் உள்ள சாஃப்ட்வேர் நிறுவனங்களும், உதிரிபாகத் தொழிற்சாலைகளும், ஆடிட்டர் அலுவலகங்களும் பெரும்பாலும் ஒரே கேள்விதான் கேட்கும்: வேலை தெரியுமா? கோடிங் டெஸ்ட் வைப்பார்கள். டிராயிங்கைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். டேலியில் ஒரு என்ட்ரி போடச் சொல்வார்கள். அதில் தேறினால் மார்க்‌ஷீட் ஃபைலுக்குத்தான்.

இரண்டு, மூன்று வருட அனுபவத்துக்குப் பிறகு: கடைசியாக எங்கே வேலை பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள், எவ்வளவு சம்பளம் என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். சிஜிபிஏ பற்றிய பேச்சு பெரும்பாலும் வராது. சில பன்னாட்டு நிறுவனங்களில் மட்டும் கல்வி வரம்பு விதியாகத் தொடரலாம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

கல்லூரி மதிப்பெண்ணுக்கும் வேலைத் திறனுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து, 1996-ல் அமெரிக்காவில் பிலிப் ராத் தலைமையிலான குழு ஒரு ஆய்வை வெளியிட்டது. தொடர்பு இருக்கிறது, ஆனால் அது வலுவானது அல்ல; படிப்பு முடிந்து வருடங்கள் கூடக்கூட அது குறைகிறது என்பதே அதன் சாரம்.

2013-ல் கூகுள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், நியூயார்க் டைம்ஸுக்கு அளித்த பேட்டியில் இதே கருத்தைச் சொன்னார். புதிதாகக் கல்லூரி முடித்து வருபவர்களுக்கு மட்டும் மார்க்குக்கு லேசான தொடர்பு இருக்கிறது, மற்றபடி ஆட்களைத் தேர்ந்தெடுக்க அது பயன்படுவதில்லை என்றார்.

சிஜிபிஏ-வை சதவீதமாக மாற்றும்போது ஜாக்கிரதை

ஒரே சிஜிபிஏ, கணக்கு போடும் முறையைப் பொறுத்து வேறு வேறு சதவீதமாக மாறும். அண்ணா பல்கலைக்கழக மாணவர்கள் பொதுவாக 10-ஆல் பெருக்குவார்கள். அதன்படி 6.3 என்பது 63 சதவீதம். ஆனால் ஏஐசிடிஇ வெளியிட்ட அட்டவணையில் 6.25 என்பது 55 சதவீதம்தான். 60 சதவீதத்துக்கு 6.75 வேண்டும்.

வித்தியாசம் சின்னது போலத் தெரியும். ஆனால் 60 சதவீத வரம்புக்கு ஒரு கணக்கில் நீங்கள் தகுதியானவர், இன்னொரு கணக்கில் தகுதியற்றவர். பெரும்பாலான அரசுத் தேர்வுகள் உங்கள் பல்கலைக்கழகத்தின் விதியையே ஏற்கும். அதற்கான மாற்றுச் சான்றிதழை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் சரிபார்ப்புக்கு முந்தின நாள் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு ஓடுவது தேவையில்லாத டென்ஷன்.

அரியர் வைத்தது கடைசி வரை துரத்துமா?

கிளியர் பண்ணிய அரியருக்கும் ஸ்டாண்டிங் அரியருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எல்லாப் பாடமும் பாஸ் செய்து பட்டம் வாங்கிவிட்டால், முதல் முயற்சியா, மூன்றாவது முயற்சியா என்பதை யுபிஎஸ்சி, டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வுகள் பார்ப்பதில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் சில தனியார் நிறுவனங்களும் 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்' கேட்கலாம்.

ஒரே ஒரு பேப்பர் பாக்கி இருந்தாலும் பட்டம் கிடையாது. பட்டம் இல்லை என்றால் மேலே சொன்ன பட்டதாரித் தேர்வுகள் எதுவுமே கைக்கு வராது. 9 சிஜிபிஏ வைத்திருந்தும் ஒரு பேப்பரில் நிற்பவரை விட, 5.5 வாங்கி எல்லாவற்றையும் முடித்தவருக்கு வாய்ப்பு அதிகம். இதனால்தான் அண்ணா பல்கலைக்கழகம் சில வருடங்களுக்கு முன் 20 ஆண்டுகளுக்கு முந்தைய மாணவர்களுக்கும் அரியர் எழுத சிறப்பு வாய்ப்பு அளித்தது. அப்படி அறிவிப்பு வரும்போது தவறவிடாதீர்கள்.

தேதி விஷயத்திலும் கவனம் வேண்டும். டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் அறிவிக்கை வெளியாகும் தேதியில் உங்களிடம் தகுதி இருக்க வேண்டும். அரியர் ரிசல்ட் அதற்கு ஒரு வாரம் கழித்து வந்தால், அந்தத் தேர்வு கை நழுவிவிடும்.

மேற்படிப்புக்கு எவ்வளவு தேவை?

- டான்செட் மூலம் எம்பிஏ, எம்சிஏ: 50 சதவீதம். தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45.
- கேட் (சிஏடி) எழுதி ஐஐஎம் செல்ல: 50 சதவீதம். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 45. ஆனால் ஷார்ட்லிஸ்ட் போடும்போது 10, பிளஸ் 2, டிகிரி மதிப்பெண்களுக்கும் தனி மதிப்பு தரும் ஐஐஎம்கள் உண்டு. மார்க் குறைந்தால் அதை ஈடுகட்ட தேர்வில் அதிக பெர்சன்டைல் வேண்டும்.
- மூன்று வருட சட்டப்படிப்பு: பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், எஸ்சி, எஸ்டிக்கு 40.
- பி.எட்: பொதுவாக 50 சதவீதம். பி.இ., பி.டெக் முடித்தவர்களுக்கு 55. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு.
- சிஏ: காமர்ஸ் பட்டதாரிகள் 55 சதவீதமும், மற்றவர்கள் 60 சதவீதமும் வைத்திருந்தால் நேரடியாக இன்டர்மீடியட்டில் சேரலாம். இல்லையென்றால் ஃபவுண்டேஷன் தேர்விலிருந்து தொடங்க வேண்டும். அதாவது தடை இல்லை, ஒரு படி கூடுதல்.
- யுஜிசி நெட்: முதுகலையில் 55 சதவீதம். ஓபிசி, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவருக்கு 50. இளங்கலை மார்க் இங்கே பிரச்னை இல்லை.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு மார்க் கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படும். அமெரிக்காவில் பல முதுகலைப் படிப்புகள் 4-க்கு 3.0 ஜிபிஏ எதிர்பார்க்கின்றன. ஜெர்மனியில் கணக்கு தலைகீழ்: எண் குறையக் குறைய நல்லது. 10-க்கு 5 பாஸ் என்ற முறையில் படித்தவரின் 7.5 சிஜிபிஏ அங்கே 2.5 ஆகும், 6 சிஜிபிஏ 3.4 ஆகும். பல படிப்புகள் 2.5 அல்லது அதைவிட நல்ல கிரேடு கேட்கின்றன. ஏஜென்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன் இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

டிகிரி மார்க்கை இனி மாற்ற முடியுமா?

பாஸ் ஆன பேப்பரை மறுபடி எழுதி மார்க்கை உயர்த்த பல பல்கலைக்கழகங்கள் அனுமதிப்பதில்லை. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வழி இருக்கிறது: முதுகலை.

உதாரணத்துக்கு, ரிசர்வ் வங்கி கிரேடு பி பொதுப் பிரிவுப் பணிக்கு டிகிரியில் 60 இல்லாவிட்டாலும், முதுகலையில் 55 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். நெட் தேர்வு பார்ப்பதும் முதுகலை மார்க்கைத்தான். தொலைதூரக் கல்வியில் படித்தாலும், அது யுஜிசி அங்கீகாரம் பெற்ற படிப்பாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆனால், மார்க் பிரச்னையிலிருந்து தப்பிக்க மட்டும் பிடிக்காத பாடத்தில் முதுகலை சேர்ந்தால், அதே கதை மறுபடி நடக்கலாம்.

ரெஸ்யூமில் மார்க்கை எழுதலாமா?

கேட்காத இடத்தில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. பட்டம், கல்லூரி, முடித்த வருடம் போதும். கேட்ட இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

57-ஐ 61 என்று மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? பெரிய நிறுவனங்கள் வேலையில் சேர்த்த பிறகும் தனி ஏஜென்சி மூலம் பல்கலைக்கழகத்தில் மதிப்பெண்ணைச் சரிபார்க்கின்றன. பொய் தெரிந்தால் வேலை போகும். அரசுத் தேர்வில் தவறான தகவல் கொடுத்தால் அடுத்தடுத்த தேர்வுகள் எழுதவும் தடை வரலாம். குறைந்த மார்க் ஒரு வேலையைத்தான் தடுக்கும். பொய் மார்க் மற்ற வேலைகளையும் சேர்த்துக் கெடுக்கும்.

இன்டர்வியூவில் "ஏன் மார்க் கம்மி?" என்று கேட்டால் நீளமாகக் காரணம் சொல்ல வேண்டாம். வாத்தியார் சரியில்லை, பேப்பர் திருத்தினவர் சரியில்லை என்பதெல்லாம் எடுபடாது. குடும்பச் சூழல், உடல்நிலை, பகுதிநேர வேலை என உண்மையான காரணம் இருந்தால் ஒரே வரியில் சொல்லுங்கள். படிப்பில் கவனம் செலுத்தவில்லை என்றால் அதையும் நேராகச் சொல்லலாம். அதற்குப் பிறகு என்ன கற்றுக்கொண்டீர்கள், என்ன செய்து முடித்தீர்கள் என்பதில்தான் மீதி நேரத்தைச் செலவிட வேண்டும். அவர்கள் எடை போடுவது அதைத்தான்.

இப்போது என்ன செய்ய வேண்டும்?

1. ஸ்டாண்டிங் அரியர் இருந்தால் முதலில் அதை முடியுங்கள். மற்றதெல்லாம் பிறகு.
2. கன்சாலிடேட்டட் மார்க்‌ஷீட், புரொவிஷனல் சான்றிதழ், சதவீத மாற்றுச் சான்றிதழ் மூன்றையும் கையில் வாங்கி வையுங்கள்.
3. உங்கள் சதவீதத்தை ஒரு தாளில் எழுதி, அதன் பக்கத்தில் 50, 55, 60, 65 வரம்புகளையும் எழுதுங்கள். எந்தத் தேர்வு, எந்தப் படிப்பு உங்கள் பக்கம் வருகிறது என்று பிரியுங்கள்.
4. கோச்சிங் சென்டரில் பணம் கட்டுவதற்கு முன், அந்தத் தேர்வின் கடைசி அறிவிக்கையில் கல்வித் தகுதிப் பகுதியை நீங்களே படியுங்கள். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறலாம்.
5. தனியார் வேலை என்றால், பெரிய நிறுவனத்துக்காகக் காத்திருப்பதை விட சிறிய நிறுவனத்தில் ஒரு வருட அனுபவம் எடுப்பது நல்லது. அடுத்த வேலைக்குப் போகும்போது சிஜிபிஏ கேட்கும் இடத்தில் அனுபவம் பேசும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மார்க்‌ஷீட்டில் இருக்கும் எண் இனி மாறப் போவதில்லை. அதைத் தினமும் சொல்லிக் காட்டுவதால் வேலை வரப் போவதும் இல்லை. மேலே உள்ள பட்டியலை பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்தால், மூடியிருக்கும் இடங்கள் எவ்வளவு, இன்னும் திறந்திருக்கும் இடங்கள் எவ்வளவு என்று இருவருக்குமே தெரிந்துவிடும். பெரும்பாலான வீடுகளில் இரண்டாவது பட்டியல்தான் நீளமாக இருக்கும்.